இரண்டு போனுக்கும் ஒரே கேள்வி

காலை ஆறரை மணிக்கு ஜெசிந்தா இரண்டு போன்களையும் சாப்பாட்டு மேசையில் அருகருகே மல்லாக்க வைத்தாள். முந்தின இரவு இரண்டுக்கும் முழுதாக மின்னேற்றியிருந்தாள். இப்போது ‘நெய்தல் உச்சம்’ தொண்ணூற்றேழு சதவீதத்தில் நின்றது, ‘நெய்தல் நடு’ தொண்ணூற்றெட்டில். ஒப்பீட்டுப் படிவத்தில் எழுதிக்கொண்டாள். பிறகு சன்னலோரத்துச் செம்பருத்தியை ஒரே இடத்தில் நின்று இரண்டாலும் படமெடுத்தாள். உச்சம் எடுத்த படத்தில் பூவின் மகரந்தத்தூள்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது. நடு எடுத்த படத்தில் அது செம்பருத்தி என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

அன்று முப்பதாம் நாள். அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் போன் வாங்குவது இப்படித்தான். போனுக்கு வேண்டிய உலோகங்கள் பூமியில் தட்டுப்பாடாகிப் போனதும் பன்னிரண்டாண்டுச் சட்டம் வந்தது. ஆளுக்கு ஒரு திறன்பேசி, பன்னிரண்டு வருஷத்துக்கு. பிடிக்கவில்லை என்று நடுவில் தூக்கிப்போட முடியாது. அதனால் வாங்குமுன் உயர்ரகம் ஒன்றையும் நடுத்தரம் ஒன்றையும் பதினைந்து பதினைந்து நாள் வீட்டில் வைத்துப் பார்க்க அரசாங்கமே கொடுத்தது. ஜனங்களும் மாப்பிள்ளை பார்ப்பதைவிடக் கவனமாகப் பார்த்தார்கள். ஜெசிந்தா தன் போனை எட்டு வருஷத்துக்கு முன்னால் நிறத்தைப் பார்த்து வாங்கியவள். நல்ல மயில்நீலம். மத்தியானத்துக்குள் மின்சாரம் தீர்ந்து கண்ணை மூடிவிடும். இன்னும் நாலு வருஷம் அதோடுதான் குப்பை கொட்ட வேண்டும்.

இந்த முறை வாங்குவது அவளுக்கல்ல, அவள் கணவர் லம்பர்ட்டுக்கு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். முப்பது வருஷம் அந்தரத்தில் உட்கார்ந்துகொண்டு வாக்கிடாக்கியில் வாய் ஓயாமல் பேசியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. கால் தேறிவிட்டது, வலது கையும் பேச்சும் தேறவில்லை. சொல் உள்ளே இருக்கிறது, வெளியே வரத்தான் ஒரு யுகம் ஆகிறது. தலையை ஆட்டுங்கள் போதும் என்றால், ஆமாமும் இல்லையும் சில நாள் இடம் மாறிப்போகின்றன. அதனால் அவர் தலையாட்டலை ஜெசிந்தா நம்புவதை விட்டுவிட்டாள்.

முதல் பதினைந்து நாள் உச்சத்தின் முறை. அதில் ‘சொல்முந்தி’ என்று ஒன்று இருந்தது. பேசுகிறவரின் முதல் ஓசை, தொண்டையின் அசைவு, கண் போகிற திசை, அந்த வீட்டில் வழக்கமாக என்ன பேசுகிறார்கள் என்ற பழக்கம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, அவர் சொல்ல வந்ததை அவருக்கு முன்னால் அதுவே சொல்லிவிடும். அதுவும் அவருடைய பழைய குரலில். முதல் நாள் காலையில் லம்பர்ட் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு “சீ...” என்று தொடங்கினார். மேசையிலிருந்து அவர் குரல் கணீரென்று வந்தது:

“ஜெசி, காப்பில சீனி காணல. இன்னும் ரெண்டு ஸ்பூன் போடு.”

ஜெசிந்தா சீனி எடுக்க அடுக்களைக்குப் போனவள் அங்கேயே நின்று அழுதாள். இரண்டு வருஷமாகக் கேட்காத குரல். திரும்பி வந்தபோது திரையில் ‘நீங்கள் சொல்ல வந்தது இதுதானா?’ என்று ஒரு கேள்வி காத்திருந்தது. லம்பர்ட் இடது கையைத் தூக்கி அதைத் தொடுவதற்குள் காப்பி ஆறிவிடும். ‘ஆம்’ என்பதை அவளே தட்டினாள். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் அவளே தட்டினாள். முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அவர் மனசில் என்ன இருக்கிறது என்று தெரியாதா?

அந்த நாட்களில்தான் கோயம்புத்தூரிலிருந்து மகள் ஷெரின் கூப்பிட்டாள். துறைமுகக் குடியிருப்பை ஒப்படைத்துவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். இருபத்திரண்டாவது மாடியில் ஓர் அறை தயாராக இருக்கிறதாம். ஜெசிந்தா அன்று சாயங்காலம் கணவர் முன்னால் உட்கார்ந்து, “போயிருவோமா? ஷெரின்கூட இருந்தா நமக்கும் நிம்மதிதான?” என்று கேட்டாள். லம்பர்ட் வாயைத் திறந்தார். உச்சம் முந்திக்கொண்டது.

“போவோம் ஜெசி. ஷெரின்கூட இருந்தா நமக்கும் நிம்மதி.”

அவள் ‘ஆம்’ தட்டினாள். “அப்பாவுக்கு அதாம்மா ஆசை,” என்று மகளிடம் சொல்லியும் விட்டாள். இப்போது வருகிற திங்கட்கிழமை வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும். ஒருமுறை கொடுத்துவிட்டால் அவ்வளவுதான், அந்த வீட்டுக்கு நானூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

தனக்குப் போக இஷ்டமில்லை என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. போன வருஷம் ஷெரின் வீட்டில் ஒரு வாரம் இருந்தாள். அந்தக் கட்டடத்தில் எல்லாரிடமும் சொல்முந்தி. மின்தூக்கியில் ஒரு அம்மாள் ஏறியதும் அவள் போன், “வணக்கம், சாப்பாடு ஆச்சா?” என்று கேட்டது. ஷெரின் ஜெசிந்தாவிடம் கொடுத்தனுப்பிய தன் போன், “ஆச்சுங்க, நீங்க?” என்றது. நாலாவது மாடி வருவதற்குள் இரண்டு போனும் நலம் விசாரித்து முடித்துவிட்டன. பெண்கள் இருவரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தூத்துக்குடியிலோ ஒரு கிலோ சாளை வாங்க அவளுக்கு அரைமணி நேரம் ஆகும்; அதில் மீனுக்கு ஐந்து நிமிஷம், மீதி பேச்சுக்கு. ஆனால் அவர் ஆசைப்பட்டு, அவர் குரலிலேயே கேட்டபிறகு தன் இஷ்டத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? மனசைக் கல்லாக்கிக்கொண்டு பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.

அடுத்த பதினைந்து நாள் நடுவின் முறை. அதில் இருந்தது வெறும் ‘சொல்தாங்கி’. லம்பர்ட் வாயிலிருந்து எந்த ஓசை வந்ததோ அதைத் திரையில் எழுதும், அடுத்தது வரும்வரை அப்படியே தாங்கிக்கொண்டு இருக்கும். எவ்வளவு நேரமானாலும் அழைப்பைத் துண்டிக்காது, தானாக ஒரு எழுத்தைக்கூடச் சேர்க்காது. ஜெசிந்தாவுக்குச் சலிப்பாகப் போயிற்று. பெட்டி கட்டுகிற வேலைக்கு நடுவில் யாருக்குப் பொறுமை இருக்கிறது? பதினைந்து நாளில் அது எழுதியது பத்து வார்த்தை இருந்தால் அதிகம். ஒப்பிட இதில் என்ன இருக்கிறது, உச்சம்தான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

பத்து மணிக்கு ஒப்பீட்டுச் சாட்சி வந்தாள். இசக்கிச்செல்வி என்று பெயர். கடைசி நாள் வீட்டுக்கு வந்து, ஒரே கேள்வியை இரண்டு போன் வழியாகவும் கேட்கவைத்துப் பதிவுசெய்வது அவள் வேலை. அது முடிந்தால்தான் ஒரு போனைத் தருவார்கள்.

“என்ன கேள்வின்னாலும் கேக்கலாம்க்கா. ஆனா பதில் அண்ணாச்சிதான் சொல்லணும். நீங்க எடுத்துக் கொடுக்கக் கூடாது. திரையையும் தொடக் கூடாது.”

“நான் எதுக்குத் தொடுதேன்?” என்றாள் ஜெசிந்தா. எளிதாக முடிகிற கேள்வியாக இருக்கட்டும் என்று பதில் தெரிந்த கேள்வியையே எடுத்தாள். “என்னங்க, திங்கக்கிழமை ஷெரின் வீட்டுக்குப் போறோம்லா? உங்களுக்குச் சந்தோசம்தான?”

லம்பர்ட் தொண்டையைச் செருமினார்.

“போவோம் ஜெசி. ஷெரின்கூட இருந்தா நமக்கும் நிம்மதி,” என்றது உச்சம்.

பழக்க தோஷத்தில் ஜெசிந்தாவின் விரல் ‘ஆம்’ நோக்கிப் போயிற்று. இசக்கிச்செல்வி மெதுவாக அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். லம்பர்ட்டின் இடது கை மேசைமேல் நகர்ந்து, தடுமாறி, திரையைத் தொட்டது. ‘இல்லை.’

“மன்னிக்கவும்,” என்றது உச்சம். உடனே அவர் குரலில், “சீக்கிரமே போயிருவோம் ஜெசி,” என்றது.

மறுபடியும் ‘இல்லை.’

“மாத்தித் தொடுதாங்கம்மா. அவங்களுக்கு ஆமாமும் இல்லையும் குழம்பிரும்,” என்றாள் ஜெசிந்தா. சொல்லும்போதே தன் விரலைப் பார்த்தாள். எத்தனை தட்டுகளை அவள் அந்தப் பதினைந்து நாளில் அவருக்குக் கொடுக்காமல் தானே தட்டியிருக்கிறாள்!

இசக்கிச்செல்வி உச்சத்தை அணைத்துவிட்டு நடுவை முன்னால் நகர்த்தினாள். ஜெசிந்தா அதே கேள்வியைக் கேட்டாள். லம்பர்ட் கண்ணை மூடிக்கொண்டார். திரை வெறுமையாக இருந்தது. ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு போயிற்று. வெளியே துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது. ஜெசிந்தா மூன்று தடவை வாயைத் திறந்தாள். மூன்று தடவையும் இசக்கிச்செல்வி உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். வாயை மூடிக்கொண்டு உட்காருவது இவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

“இங்க,” என்று எழுதியது நடு.

மறுபடி காத்திருந்தார்கள். அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

“இருப்...போம்.”

ஜெசிந்தா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் முடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அடுத்தது ஒவ்வொரு சொல்லாக, இடையில் பெரிய பெரிய இடைவெளியோடு வந்தது. நடு ஓர் இடைவெளியைக்கூட நிரப்பவில்லை.

“நீ... அங்க... யார்ட்ட... பேசுவ?”

பதினொரு நிமிஷம் ஆகியிருந்தது. ஜெசிந்தா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பேச முடியாத மனுஷன் இத்தனை நாளும் அவளுக்குப் பேச ஆள் இல்லாமல் போகுமே என்றல்லவா கவலைப்பட்டிருக்கிறார்!

“எனக்கும் போக இஷ்டமே இல்லங்க! உங்களுக்கு ஆசைன்னுல்லா நான் பல்லைக் கடிச்சிட்டுப் பெட்டி கட்டுதேன்!”

லம்பர்ட் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் பாதி சிரித்தது, மறு பாதியும் தன்னால் முடிந்த மட்டும் சிரித்தது. வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. சிரித்து ஓய்ந்ததும் அவர் மறுபடி முயன்றார். இந்த முறை அவ்வளவு நேரம் ஆகவில்லை.

“சீனி... வேண்டாம்.”

“அய்யோ மாதாவே! முப்பது நாளா பாயாசம்லா கொடுத்திருக்கேன்!”

இசக்கிச்செல்வி எவ்வளவோ அடக்கியும் சிரித்துவிட்டாள். பிறகு சாட்சியின் குரலில் சொன்னாள்: “உச்சம் கெட்ட போன் இல்லக்கா. யார் ஆம்னு தட்டுதாங்களோ அவங்க சரின்னு நெனைக்கறதைக் கத்துக்கும். பழகினதை அழிச்சிட்டா புதுசாத் தொடங்கலாம். அண்ணாச்சி மட்டும் தட்டினா சரியா வந்திரும்.”

ஜெசிந்தா யோசித்தாள். அந்தக் குரல் போய்விடுமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இனி ‘ஜெசி’ என்று ஒரே மூச்சில் யார் கூப்பிடப் போகிறார்கள்? ஆனால் தன் விரலை அவளுக்குத் தெரியும்.

“அழிச்சாலும் நான்தானம்மா பக்கத்துல இருக்கேன். காப்பி ஆறுதேன்னு ஒரு நாள் தட்டுவேன். அப்புறம் தினமும் தட்டுவேன்.” கணவர் பக்கம் திரும்பினாள். “உங்க போன்ங்க. நீங்க சொல்லுங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க.”

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். உச்சத்தின் பளபளப்பான முதுகை இடது கையால் ஒரு தடவை தடவிக்கூடக் கொடுத்தார்.

“அவன்... நல்லா... பேசுவான்,” என்று எழுதியது நடு. வெகுநேரம் கழித்து அதன் கீழே இன்னொரு வரி வந்தது. “நானே... பேசுதேன்.”

இசக்கிச்செல்வி நடுவைப் பதிந்து கொடுத்துவிட்டு, உச்சத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். ஜெசிந்தா அந்த உறை தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே வந்து மூக்கைச் சிந்திவிட்டு, மகளைக் கூப்பிட்டாள். போனை லம்பர்ட் முன்னால் வைத்தாள்.

திரையில் ஷெரின் வந்தாள். “என்னப்பா, பெட்டியெல்லாம் கட்டியாச்சா? அம்மா எங்க? உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? தண்ணி வேணுமா?”

“பொறும்மா,” என்றாள் ஜெசிந்தா. “அப்பா பேசிட்டிருக்காங்க.”

ஷெரின் குழப்பத்தோடு நிறுத்தினாள். லம்பர்ட் தொடங்கினார். இரண்டாவது சொல்லுக்கும் மூன்றாவது சொல்லுக்கும் நடுவில் ஷெரின் பக்கத்துப் போன் பொறுமையிழந்து, அவள் குரலில், “சரிப்பா, நல்லதுப்பா, அப்புறம் பேசுவோம்,” என்று விடைபெறத் தொடங்கியது. ஷெரின் முகம் சிவந்துபோயிற்று. கையை நீட்டி அதன் சொல்முந்தியை அணைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, முகவாயைக் கையில் தாங்கி உட்கார்ந்தாள்.

அவர் சொல்லி முடித்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. “நான்... நீங்களும் சரின்னு நெனச்சுட்டேன்ப்பா,” என்றாள். திக்கித் திணறிய அந்தக் குரல் அவளுடையதுதான். “நானே அங்க வாரேன். லீவு போட்டுட்டு வந்து... கொஞ்ச நாள் இருக்கேன். இருக்கட்டுமா?”

லம்பர்ட்டின் உதடு மறுபடி அசையத் தொடங்கியது. அடுத்த சொல் என்ன வரும் என்று மகளுக்குத் தெரியவில்லை, மனைவிக்கும் தெரியவில்லை. தெரியாமல் காத்திருப்பது ஜெசிந்தாவுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்தது.