தொட்ட இடத்தைக் காட்டு

"இது என்ன சுதபா, சுண்ணாம்பு பட்ட மாதிரி?"

"எது?"

"இடது முழங்கைக்கு மேல, பின்பக்கம். உனக்கே தெரியாதா?"

"தேமலா இருக்கும். வெயில்ல அலையறேன்ல."

"டாக்டர்கிட்ட காட்டேன். உன் ஆஸ்பத்திரியில அடுத்த ரூம்லதானே உக்காந்திருக்காரு?"

"நானே பாதி டாக்டர். நீங்க முதல்ல உங்க தலைமுடி கொட்டறதை ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க."

என் கணவர் நிர்மால்யா சிரித்துவிட்டு, அந்த இடத்திலேயே ஒரு முத்தம் வைத்தார். வைத்தார் என்றுதான் நினைக்கிறேன். அவர் தலை குனிந்ததைப் பார்த்தேன். உதடு பட்டது எனக்குத் தெரியவில்லை.

அது துர்கா பூஜை முடிந்த வாரம். அதற்குப் பிறகு ஏழு மாதம், அந்த முத்தத்தை நினைக்காமல் ஒரு நாளும் நான் தூங்கவில்லை.

மேற்கு வங்கத்தில் புருலியாவுக்கு வெளியே உள்ள தொழுநோய் ஆஸ்பத்திரியில் எனக்குப் பதினோரு வருட வேலை. ஊர் ஊராகப் போய் நான் சொல்வது ஒன்றுதான். இது சாபம் இல்லை, முன்ஜென்மப் பாவம் இல்லை, ஒரு கிருமி. தொட்டவுடன் ஒட்டிக்கொள்ளாது. மருந்து எடுக்காதவரோடு நெடுநாள் நெருங்கி வாழ்ந்தால் மூச்சு வழியாக வரலாம், அப்போதும் பெரும்பாலானவர்களுக்கு வராது. மாத்திரை இலவசம். முதல் வேளையில் சிறுநீர் சிவக்கும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் குணமாகிவிடும். ஆனால் தள்ளிப் போட்டால் நரம்பு சாகும். செத்த நரம்பை எந்த மாத்திரையும் எழுப்பாது.

இத்தனையும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவேன். முற்றத்துக் குழாயில் குளித்துப் புடவை மாற்றாமல் மாமியார் என்னைச் சமையலறைக்குள் விடமாட்டார். "உன் ஆஸ்பத்திரியை வாசல்லயே கழட்டி வச்சுட்டு வா பௌமா" என்பார்; மருமகளை அப்படித்தான் கூப்பிடுவார். என் நான்கு வயது மகள் தித்லி தினமும் என் இடது கையில்தான் தலை வைத்துத் தூங்குவாள். அவள் மூச்சு என் முகத்தில் படும். என் மூச்சு அவள் முகத்தில்.

போன மாதம் இரண்டு தடவை டீக்கோப்பை கையிலிருந்து நழுவியது. சுண்டுவிரலில் எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு.

என்னை நானே சோதிக்காமல் இல்லை. கண்ணாடி முன் நின்று பேனா முனையால் அந்த வெளுத்த இடத்தைத் தொடுவேன். ஒவ்வொரு முறையும் தெரிந்த மாதிரியே இருக்கும். அது பொய் என்று எனக்குத் தெரியும். பேனா வருவதைக் கண் பார்த்துவிட்டால், தோல் சொல்ல வேண்டிய பதிலை மனசே சொல்லிவிடும். அதனால்தான் நாங்கள் நோயாளியின் கண்ணைக் கட்டுகிறோம். பேனா முனையால் மெல்லத் தொடுவோம். தொட்ட இடத்தை அவர்கள் விரலால் காட்ட வேண்டும். கண்ணைக் கட்ட இன்னொருவர் வேண்டும், தொடவும் இன்னொருவர் வேண்டும்.

அந்த இன்னொருவரை நான் ஏழு மாதமாகக் கேட்கவில்லை.

வைகாசியில் பரிசோதனை அறையின் கூரையைப் பிரித்தார்கள். எங்களைக் கிழக்குப் பக்கத்துப் பழைய பெண்கள் வார்டுக்கு மாற்றினார்கள். இருபது வருடமாகப் பூட்டிக் கிடந்த நீளக் கட்டிடம். உள்ளே துருப்பிடித்த இரும்புக் கட்டில்கள். வெளியே செம்மண்ணைச் சுழற்றி அடிக்கும் அனல் காற்று. நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, அந்த வார்டுக்குள் மட்டும் தரை சில்லென்றிருந்தது.

முதலில் வந்தவள் காஞ்சன் மாஷி, எங்கள் எல்லோருக்கும் சித்தி. அறுபது வயதைத் தாண்டியவள், ஆஸ்பத்திரியின் நோயாளிகள் காலனியிலேயே வாழ்பவள். சுடுசோற்றுப் பானையைப் பிடித்து வலது உள்ளங்கையில் புண். முப்பது வருடமாக உணர்ச்சி செத்த கை அது. அவள் கண்ணைக் காம்சா துண்டால் கட்டினேன்.

"எட்டிப் பாக்காதீங்க மாஷி."

"எட்டிப் பாத்து என்ன கிடைக்கப் போகுது? உன் மூஞ்சிதானே."

இடது கையைத் தொட்டேன். "இங்க. இங்க" என்று சரியாகக் காட்டினாள். வலது கையில் புண்ணைச் சுற்றிப் பத்து இடங்களில் தொட்டேன். பேசாமல் இருந்தாள். எழுதுவதற்காகத் திரும்பினேன்.

"இங்க" என்றாள் மாஷி.

வலது கையின் கட்டைவிரல் அடியைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் தொடவே இல்லையே. ஆசையில யூகம் பண்ணாதீங்க."

"யாரு யூகம் பண்றா? இதோ, இங்க. இப்ப மணிக்கட்டுல."

பேனா என் கையில் இருந்தது. என் கை அவளிடமிருந்து இரண்டு முழம் தள்ளி இருந்தது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. காறல் எடுத்த, தொண்டையை அடைக்கும் எண்ணெய் வாசனை.

"உன் கை சூடா இருக்கும்மா" என்று மாஷி மெதுவாகச் சொன்னாள். "இது குளுந்த கை. மொட்டையா இருக்கு. விரல் இல்ல."

காம்சாவை இழுத்து அவிழ்த்தேன். அவள் பயப்படவில்லை. சுவரைப் பார்த்தாள், கடைசிக் கட்டிலைப் பார்த்தாள்.

"இது அந்தப் பழைய வார்டுன்னு எனக்கே உறைக்கல பாரு. அவ நிருபமா."

"யாரு?"

"நான் சின்னப் பொண்ணா இங்க வந்தப்ப அந்தக் கட்டில்ல கிடந்தா. அதுக்கு முன்னாடி இதே வார்டுல நர்ஸு. வர்றவங்க கண்ணைக் கட்டிக் கோழி இறகால தொட்டு, 'இங்கயா? இங்கயா?'ன்னு கேப்பாளாம். கல்யாணம் நிச்சயமாகியிருந்துச்சு. தன் கையில இருந்த தேமலை மட்டும் மறைச்சுட்டா. ஒருநாள் ஊசி கொதிக்கற பாத்திரத்தை வெறுங்கையால இறக்கினா. தோல் வேகற வாசனை வந்து மத்தவங்கதான் கத்தினாங்க. இவ ஏன் கத்தறீங்கன்னு சிரிச்சுட்டு நின்னாளாம்."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன? நின்னவ படுத்தா. மாத்திரை வந்த பிறகும் அந்தக் காலத்து மருந்தான நீரடிமுத்து எண்ணெயைத்தான் பூசிப்பா. சாகறவரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. 'ஊரையே தொட்டுக் கேட்டேன். என்னைத் தொட்டுக் கேளுன்னு ஒருத்திகிட்டயும் வாய்விட்டுக் கேக்கல.'"

மாஷி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆமா, இந்த வேகாத வெயில்ல உனக்கு ஏம்மா முழங்கை மூடற ஜாக்கெட்டு?"

ஜாக்கெட் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டேன்.

என்னோடு வேலை செய்யும், என்னை அக்கா முறையில் 'திதி' என்று கூப்பிடும் திலீப் மஹாதோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். "என்ன மாஷி, மூஞ்சி இப்படி இருக்கு? பேய் பிடிச்சுடுச்சா?"

"உன் பொண்டாட்டியைப் பிடிச்சிருக்கற உன்னை விடப் பெரிய பேய் எது?"

"சரி, வாங்க, புண்ணுக்குக் கட்டுப் போடலாம். திதி, அடுத்த ஆளைக் கூட்டிட்டு வரேன். அதுவரைக்கும் உக்காருங்க. வேர்த்து ஊத்துது உங்களுக்கு."

குளிர்ந்த அறையில் எனக்கு வேர்த்திருந்தது.

அவர்கள் போன பிறகு ஓடியிருக்கலாம். நான் பேனாவை மூடி மடியில் வைத்தேன். ஜாக்கெட் கையை மேலே சுருட்டினேன். நோயாளி உட்காரும் முக்காலியில் உட்கார்ந்து, காம்சாவை என் கண்ணில் நானே கட்டிக்கொண்டேன்.

காற்று நின்றது.

வாசனை முதலில் காலடியில் இருந்தது. பிறகு மடியருகே. பிறகு முகத்துக்கு நேராக.

"இங்கயா?"

வலது உள்ளங்கையில் குளிர்ச்சியாக ஒன்று பட்டது. "இங்க" என்றேன்.

"இங்கயா?"

கன்னத்தில். தாய் தடவுவதுபோல அவ்வளவு மெதுவாக. "இங்க."

வாசனை இடது தோளுக்குப் பின்னால் போனது.

"இங்கயா?"

எதுவும் படவில்லை. காத்திருந்தேன்.

"இங்கயா?"

எதுவும் இல்லை.

"இங்கயா?" அந்தக் குரல் இப்போது கெஞ்சியது. "இங்கயா? இங்கயா?" தொடாமலே கேட்கிறாள், என்னைப் பயமுறுத்திப் பார்க்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்பக்கத்தில் மட்டும் ஏழு முறை கேட்டாள். ஏழு முறையும் நான் வாயைத் திறக்கவில்லை.

காம்சாவைப் பிய்த்து எறிந்தேன். வார்டு காலி. பேனா, மூடி போட்டபடி என் மடியில் இருந்தது.

இடது கையைத் திருப்பி, சதையை இழுத்துப் பார்த்தேன்.

வெளுத்த வட்டத்துக்குள் ஏழு நீலப் புள்ளிகள். மை இன்னும் ஈரமாக இருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம். திலீப் தனியாக வந்தான். "அடுத்த ஆள் சாப்பிடப் போயிட்டாங்க திதி. என்ன, காம்சா கீழே கிடக்கு?"

நிர்மால்யாவின் முகம் நினைவுக்கு வந்தது. முற்றத்துக் குழாய் வந்தது. கடைசியாக, என் கையில் தலை வைத்துத் தூங்கும் தித்லி வந்தாள். அதற்குமேல் வேறு எதுவும் வரவில்லை.

காம்சாவை எடுத்து அவனிடம் நீட்டினேன். பேனாவையும் நீட்டினேன்.

"திலீப், என் கண்ணைக் கட்டு. என்னைத் தொட்டுக் கேளு."

அவன் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், கடைசிக் கட்டில் பக்கமாகப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

எண்ணெய் வாசனை என் காதருகே வந்தது.

"என்னையும்."