பின்வாசல் சோதனை

தலைவர்களின் படங்களைப் பார்த்தால் வயிற்றுப் பிள்ளை கலெக்டராகும் என்று பொன்னுமணிக்கு யார் சொன்னார்களோ தெரியாது. ஏழு மாதக் கர்ப்பிணி மருமகள் தேவியை இழுத்துக்கொண்டு, போடியில் புதிதாகத் திறந்த தேச வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கிளம்பிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி என்ற உரிமையில் நானும் ஒட்டிக்கொண்டேன். எந்த வீட்டுத் தாத்தாவைத் தியாகி வரிசையில் நுழைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?

கட்டடம் வெள்ளைக்காரன் காலத்து ஏலக்காய்க் கிட்டங்கி. சுண்ணாம்பு பூசி, தேக்குக் கதவுக்கு எண்ணெய் தடவி, கல்யாணப் பெண் மாதிரி நிறுத்தியிருந்தார்கள். கொடி, இராட்டை, உப்புச் சத்தியாகிரகமெல்லாம் முன்கூடத்தில். கடைசி அறை மட்டும் கிட்டங்கியின் கதை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிக்கும் பழைய படம். அதன் கீழே ஒரு சொளகு நிறைய நிஜக் காய். சாயங்காலம் வீடு திரும்பும் பெண்களை அந்த அறையின் பின்வாசலில் நிறுத்தி, காய் ஒளித்திருக்கிறார்களா என்று இடுப்பைத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்களாம். அதற்கென்றே ஒருத்தி சம்பளத்துக்கு இருந்தாளாம். பலகையில் எழுதியிருந்தது. அவள் பேர் மட்டும் இல்லை.

தேவிக்குக் குமட்டியது. சொளகிலிருந்து ஒரு காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். போடிக்காரிக்கு ஏலக்காயைக் கண்டால் கை சும்மா இருக்குமா? நானும் கை நீட்டினேன், பொன்னுமணி முறைத்தாள்.

வெளியே போகும் வழி அந்தப் பின்வாசல்தான். பட்டப்பகல், மணி மூன்று. நாங்கள் இருவரும் தாண்டிவிட்டோம்.

தேவி தாண்டவில்லை.

"அத்தே, யாரோ என்னயத் தொடுறாங்க."

அவளுக்குப் பின்னால் அறை காலியாக இருந்தது. ஈரச் சாக்கின் வாடை வந்தது. அவள் இடுப்புச் சேலை தானாக உள்ளே அமுங்கியது. ஐந்து விரல் குழிகள். அவசரமே இல்லாமல், தினமும் செய்கிற சோலி போல, நகர்ந்தன.

வயிற்றுக்கு வந்ததும் நின்றன.

எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. "வாயில இருக்கறதத் துப்புடி," என்றேன்.

துப்பினாள். மென்ற காய் படியில் விழுந்தது.

அது என் புத்திகெட்டதனம். திருடியது உறுதியாகிவிட்டது.

குழிகள் ஆழமாயின. தேவிக்கு மூச்சு வாங்கியது. பொன்னுமணி அவள் கையைப் பிடித்து இழுத்தாள், அசைக்க முடியவில்லை. பிறகு தேவியின் தோளுக்கு மேலிருந்து, நாள் முழுக்க நின்று களைத்த ஒரு குரல் எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது.

"ஒளிச்சிருக்கறத வச்சிட்டுப் போ."

ஊரையே அதட்டும் பொன்னுமணி படியில் மண்டியிட்டாள்.

"ஆத்தா, அது காயில்ல. எம் மகன் புள்ள."

தேவியின் வயிறு உள்ளிருந்து ஒருமுறை துள்ளியது.

விரல்கள் விலகின. தேவி மாமியார் மேலேயே சரிந்தாள்.

ஸ்கேனில் பிள்ளை நன்றாக இருக்கிறது. வயிற்றில் பதிந்த ஐந்து தடத்தைப் பார்த்து டாக்டரம்மா சூட்டுத் தடிப்பு என்று களிம்பு எழுதிக் கொடுத்தாள். பொன்னுமணி தினமும் காலையில் என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள். முதலில் தொப்புளுக்கு மேலே இருந்த தடம் வாரத்துக்கு இரண்டு விரற்கடை கீழே இறங்குகிறது. பிரசவத்துக்கு இன்னும் ஐந்து வாரம்.

இன்று காலை பார்த்தபோது இரண்டு கைகளின் தடம். அடிவயிற்றின் இருபுறமும், எதையோ ஏந்திக்கொள்ளக் காத்திருப்பது போல.