தடுமாற்ற எண்

செம்பாறைக் குடியிருப்பில் காலை ஏழு மணி ஆனால் நாக்குவாசலில் வரிசை நிற்கும். வேலைக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராகச் சுவரில் பதித்த சல்லடைக்கு முன்னால் நின்று, தமக்குத் தெரிந்த மொழிகளில் மொழிக்கு அரை நிமிடம் பேச வேண்டும். நேற்று வைத்த குழம்பைப் பற்றிப் பேசலாம், மேலதிகாரியைத் திட்டலாம், அது அவரவர் இஷ்டம். பேசி முடித்ததும் சல்லடைக்கு மேலே ஓர் எண் ஒளிரும். அதன் பெயர் தடுமாற்ற எண். ஒன்பதுக்கு மேல் இருந்தால் கதவு திறக்கும்.

அன்று ஜெசிந்தாவுக்கு முன்னால் நின்ற பள்ளி ஆசிரியை, பிரெஞ்சில் கத்தரிக்காய்க்குச் சொல் தெரியாமல் விழித்தாள். கையால் உருட்டிக் காட்டினாள், வங்காளச் சொல் ஒன்றைப் போட்டாள், கடைசியில் சிரித்துவிட்டாள். எண் பதினெட்டு. பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

ஜெசிந்தா ஆறு மொழிகளில் பேசினாள். ஒன்பது புள்ளி இரண்டு. கதவு திறந்தது. யாரும் கைதட்டவில்லை. வரிசை அவளிடமிருந்து ஓரடி விலகி நின்றது.

மூன்று வருடங்களுக்கு முன்பு செவ்வாயின் மறுபக்கத்தில் இருந்த குடியிருப்பு ஒன்றில், மனிதர்களைப் போலவே செய்யப்பட்ட ஆக்கர்கள் பொய் அடையாளத்துடன் புகுந்து, காற்றுநிலையத்தை நிறுத்திவிட்டார்கள். இருநூற்றுப் பதினோரு பேர் மூச்சு முட்டிச் செத்தார்கள். ஆக்கர்களுக்கும் வியர்க்கும், கீறினால் ரத்தம் வரும், மார்பு ஏறி இறங்கும். அவர்கள் மாட்டிக்கொண்டது பேச்சில்தான். எந்த மொழியைக் கொடுத்தாலும் ஒரே சரளத்தில் பேசினார்கள். மனிதனுக்கு ஒரு மொழி ஓடும், ஒன்று நொண்டும், ஒன்று இன்னொன்றுக்குள் கசியும். அந்தக் கசிவையும் நொண்டலையும் அளப்பதற்குத்தான் இந்தச் சல்லடை.

எண் ஒன்பதுக்குக் கீழே போனால் ஊசிச்சோதனை. காதுக்குப் பின்னால் துளையிட்டு, மூளையின் பேச்சுப் பகுதிவரை ஊசி இறக்கி, உள்ளே இருப்பது சதையா கம்பியா என்று பார்ப்பார்கள். இதுவரை பதினான்கு பேருக்குச் செய்திருந்தார்கள். பதினான்கு பேரும் மனிதர்கள்தான் என்று சந்தேகமில்லாமல் தெரிந்தது. அவர்களில் ஆறு பேருக்கு அதற்குப் பிறகு பேச்சு வரவில்லை.

அந்த ஆறு பேரில் ஒருவரை ஜெசிந்தா பார்த்திருக்கிறாள். அவள் மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர். சிங்களக்காரர் ஒருவரின் கட்டிலருகே நிற்கச் சொன்னார்கள், மருத்துவரிடம் அவர் சொல்வதை எடுத்துச் சொல்வதற்காக. அவர் அவள் முகத்தைப் பார்த்தபடியே வாயைத் திறந்து திறந்து மூடினார். எடுத்துச் சொல்ல ஒன்றுமே வரவில்லை. அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தாள். அன்றிலிருந்துதான் அவளுக்கு இந்தப் பயம்.

மாலையில் கணவன் கிளமென்ட் காற்றுநிலையத்திலிருந்து வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கேட்டான்.

"எவ்ளோ?"

"ஒன்பது ரெண்டு."

"போன வாரம் பத்து இருந்துச்சேட்டி! நாளைக்கு வருஷாந்தரச் சோதனை. ஆளு உக்காந்து கேப்பான். என்ன செய்யப்போற?"

"என்ன செய்யச் சொல்லுதீங்க? வாயத் தொறந்தா ஒழுங்காத்தான் வருது."

கிளமென்டின் முன்னோர்கள் தூத்துக்குடியிலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. பேச்சில் அந்த ஊர் இன்னும் மிச்சமிருந்தது, பாதிக்குப் பாதி ஆங்கிலம் கலந்து. அவனுடைய எண் இருபத்தைந்துக்குக் கீழே இறங்கியதே இல்லை.

"சிம்பிள். நா சொல்லுத மாதிரி சொல்லு. 'நேத்து மார்னிங் பிரேக்ஃபாஸ்ட் சாப்ட்டு, ஆக்சுவலா, லேட்டாயிருச்சு.'"

"நேத்து காலையில சாப்பிட்டு..." என்று தொடங்கி நிறுத்தினாள். "வர மாட்டேங்குது."

பதினான்கு வருடப் பழக்கம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மருந்தின் அளவைச் சொல்லும்போது ஒரு மலையாளச் சொல்லைத் தமிழ்ச் சொல்லாக நினைத்துக் கலந்துவிட்டாள். ஒரு குழந்தை இரண்டு நாள் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் பிழைத்துக்கொண்டது. ஆனால் அதன்பிறகு எந்த மொழியையும் இன்னொன்றுக்குள் ஒழுகவிடாமல் அவள் தன் வாயைக் கட்டிப் பழக்கியிருந்தாள். பொய்யாகத் தடுமாறவும் வழியில்லை. நடிப்பைச் சல்லடை கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்தால் நேராக ஊசிதான்.

அவன் பேசுவதை நிறுத்திவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சோதனை அறைக்குள் அழைத்தார்கள். பருத்த உடம்பும் அசதியான கண்களுமாக ஒரு மனிதர் மேசைக்குப் பின்னால் இருந்தார். தணிகைநாதன் என்று பெயர்ப்பலகை சொன்னது. நாற்காலிக்குப் பின்னால் ஊசிக் கை மடங்கி நின்றது. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அவள் பார்த்தாள்.

"உக்காருங்கம்மா. டென்ஷன் வேணாம். மலையாளத்துல ஆரம்பிங்க."

பேசினாள். பிறகு சிங்களம், வங்காளம், பிரெஞ்சு, ஆங்கிலம். ஒவ்வொரு மொழி முடியும்போதும் தணிகைநாதன் திரையைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சங்கொஞ்சமாக வடிந்தது.

"லாஸ்ட்டா தமிழ்."

ஜெசிந்தா ஊசிக் கையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பயத்தில் உளறினாலாவது தப்பித்திருப்பாள். அவளுக்கோ பயம் வந்தால் சொற்கள் இன்னும் தெளிவாக வந்தன.

"ஐயா, எனக்குப் பயமாக இருக்கிறது. நான் மனுஷிதான். எனக்கு முப்பத்தெட்டு வயது. சிறுவயதில் எனக்கு மாதாகோயில் மணியைக் கண்டாலே பயம். இரண்டு முறை கருக்கலைந்திருக்கிறது. அந்த வலி இன்னும் இடுப்பில் இருக்கிறது. தயவுசெய்து அந்த ஊசியை மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பேச்சுதான் என் பிழைப்பு."

ஆறு புள்ளி மூன்று.

தணிகைநாதன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"தமிழ்ல அரை நிமிஷம் பேசியிருக்கீங்க. ஒரு இங்கிலீஷ் வார்த்தை இல்ல. மூணு வருஷமா இந்த சீட்ல இருக்கேன் மேடம், எந்தத் தமிழ் ஆளும் இப்படிப் பேசி நான் கேட்டதில்ல."

அவர் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். கைப்பிடிகளிலிருந்து பட்டைகள் வந்து அவள் மணிக்கட்டைக் கவ்வின. பின்னால் மோட்டார் முனகியது. காதுக்குப் பின்னே ஏதோ ஈரமாகத் துடைத்தது. பிறகு சில்லென்று ஒரு முனை தோலில் பட்டது, அழுந்தியது, தோல் பிளந்தது.

"அய்யோ! சாரி சாரி சாரி! ஒன் மினிட், ப்ளீஸ்! ஸ்டாப்!"

எண் இருபத்திரண்டுக்குத் தாவியது. மோட்டார் நின்றது.

தணிகைநாதன் நெற்றியைத் துடைத்தபடி பெரிதாகச் சிரித்தார். "அப்பாடா! தமிழ்தான். முதல்லயே இப்படிப் பேசியிருக்கலாம்ல? என்னையும் பயமுறுத்திட்டீங்க."

பட்டைகள் கழன்றன. தாதி வந்து காயத்துக்குப் பஞ்சு ஒட்டி, மூலையில் ஒரு முக்காலியில் உட்கார வைத்தாள். ரத்தம் நிற்கும்வரை எழக் கூடாது. ஜெசிந்தா பஞ்சை விரலால் அழுத்திக்கொண்டாள். வாய்க்குள் தன் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். வந்தது. கிளமென்ட் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். அதுவும் வந்தது.

அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். உயரமான இளைஞன். நிர்மல் என்றான், இன்றைக்குத்தான் காற்றுநிலையத்தில் வேலைக்குச் சேருவதாகச் சொன்னான். அவள் முக்காலிக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்தான்.

"தமிழ்ல ஸ்டார்ட் பண்ணவா சார்? பேசிக்கலி நான் வந்து... என்ன சொல்றது... ஏர் சிஸ்டம்ஸ்ல ஸ்பெஷலைஸ் பண்ணவன். அந்த ஃபீல்டு எனக்கு ரொம்ப, யூ நோ, பேஷன்."

தணிகைநாதன் தலையாட்டிக்கொண்டே கேட்டார். ஜெசிந்தா முதலில் கவனிக்கவில்லை. பிறகு அவள் காது விறைத்தது. நோயாளிகளின் மூச்சையும் சேர்த்துக் கேட்டே பழகிய காது அது. சொல்லைத் தேடும் மனிதன் தேடும்போது மூச்சை இழுப்பான், அல்லது பிடித்து வைப்பான். இவனுடைய மார்பு கடிகாரம் போல ஏறியது, இறங்கியது. மார்பு ஏறும்போதும் அவன் பேசிக்கொண்டிருந்தான். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே, குரல் கொஞ்சமும் மாறாமல், 'என்ன சொல்றது' என்றான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மூன்று வருடங்களாகச் சல்லடை பதிவுசெய்து வைத்த அத்தனை பேச்சையும் யாரோ எங்கோ கேட்டுப் படித்திருக்கிறார்கள்.

முப்பத்தொன்று என்று எண் ஒளிர்ந்தது. நிர்மல் கைகுலுக்கிவிட்டுப் போனான். கதவு மூடியதும் ஜெசிந்தா எழுந்து மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, அவன் ஆக்கர். மூச்சை இழுக்கும்போதே பேசினான். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவனைத் தடுங்கள். காற்றுநிலையத்துக்குப் போகிறான்."

"மூச்சு விடாம பேசற தமிழங்க எத்தனை பேர் வேணும் உங்களுக்கு? மேடைக்கு மேடை பார்க்கலாம்." அவர் சிரித்தார். "முப்பத்தொண்ணு மேடம். இந்த வருஷத்து ரெக்கார்டு. எவ்ளோ நேச்சுரலா பேசினாரு! நம்ம ஆளு."

"அந்த எண்ணைத்தான் அவர்கள் ஏமாற்றுகிறார்கள். தயவுசெய்து ஒரே ஒரு முறை..."

அவருடைய சிரிப்பு நின்றது. விரல் பொத்தானுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"திரும்ப ரொம்ப சுத்தமா பேசறீங்க."

ஜெசிந்தா பின்வாங்கினாள். "ஓகே சார். சாரி சார்," என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தாள்.

தாழ்வாரத்துச் சுவரில் தொலைபேசி இருந்தது. காற்றுநிலையத்து எண் பத்து நிமிடம் கிடைக்கவில்லை. கிடைத்ததும் கணவனைக் கூப்பிடச் சொன்னாள்.

"கிளமென்ட், கேளுங்க. இப்ப அங்க வாரவன் மனுஷன் இல்ல. கதவ அடச்சிட்டு எல்லாரையும் கூட்டிட்டு..."

இணைப்பு அறுந்தது. குடியிருப்பின் தொலைபேசிகளையும் அதே சல்லடைதான் கேட்டுக்கொண்டிருந்தது. தொலைபேசியில் அது நடிப்பைத் தேடாது, எண்ணை மட்டும் பார்த்து, ஒன்பதுக்குக் கீழே போகும் பேச்சைப் பாதியில் வெட்டிவிடும். திரையில் சிவப்பு எழுத்துகள் வந்தன: இன்னொரு முறை நேர்ந்தால் காவலர் வருவார்கள். அவள் காதுக்குப் பின்னால் பஞ்சு ஈரமாகிக்கொண்டிருந்தது. மறுபடி அழைத்தாள்.

"என்னாச்சு, கட்டாயிருச்சு? பாஸா? ஊசி எதும்..."

"பாஸ், பாஸ். கிளமென்ட், ப்ளீஸ் லிசன். ஆக்சுவலா, அந்த நியூ ஸ்டாஃப் வந்து ரியல் இல்ல. அவன் டேஞ்சர். நீங்க டோர லாக் பண்ணிட்டு இமீடியட்டா வெளிய வாங்க. பேசிக்கலி எல்லாருக்கும் ரிஸ்க்."

மறுமுனையில் கிளமென்ட் விழுந்து விழுந்து சிரித்தான். சந்தோஷத்தில் அவன் குரல் உடைந்தது.

"ஏ ஜெசி! தேறிட்டியேட்டி! பதினாலு வருஷத்துல இன்னைக்குத்தான் நீ மனுஷி மாதிரி பேசுத. இன்னொரு தடவ சொல்லு, ஸ்பீக்கர்ல போடுதேன், இங்க வேல பாக்குத பயக்க கேக்கட்டும்."

"பிராக்டீஸ் இல்ல! ஐ மீன் இட்! ப்ளீஸ்!"

"சூப்பர், சூப்பர்," என்றான் கிளமென்ட். அவனுக்குப் பின்னால் கனமான கதவு ஒன்று உருண்டு திறக்கும் ஓசை கேட்டது. "இந்தா, புது ஆளு வந்துட்டாரு. ஜாலியாப் பேசுதாரு, நம்மூர் ஆளு மாதிரியே இருக்கு. வைக்கட்டா?"