அளவுகோல் வைத்த படம்

இரண்டு சுற்று சுற்றினால்தான் திறக்கிற பூட்டு அன்று ஒரே சுற்றில் திறந்துகொண்டது. தடுப்பூசி போட்டு அழுது ஓய்ந்த ஒன்றரை வயது மகள் தோளில் கனத்துக்கொண்டிருந்தாள். காலை அவசரத்தில் நாம்தான் சரியாகப் பூட்டவில்லை போலிருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு அவள் உள்ளே போனாள். குழந்தையை உள்ளறைக் கட்டிலில் கிடத்தி, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுக் கூடத்துக்கு வந்த பிறகுதான் அந்த வாசனை மூக்கில் ஏறியது.

அராவிய பித்தளையின் வாசனை. சாவி வெட்டுகிற கணவரின் சட்டையை ஆறு வருஷமாகத் துவைக்கிறவளுக்கு அது தெரியாமல் போகுமா? மனிதர் சாப்பிட வந்துவிட்டுப் போயிருப்பார் என்று பாத்திரத்தைத் திறந்தாள். வைத்தது வைத்தபடி இருந்தது. ஃப்ரிட்ஜின் முனகலும் குளியலறைக் குழாய் சொட்டுகிற சத்தமும் தவிர, வெயில் ஏறிய அந்த மதியத்தில் வீடு மூச்சுக் காட்டவில்லை. கணவருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, மதியம் வீட்டுக்கு வந்தீங்களா?"

"கடைய விட்டு நகரவே இல்ல. ஏன்?"

சொன்னாள். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது.

"வாசக்கதவுல பூட்டுக்குக் கீழ பாரு. தூள் கொட்டிக் கிடக்கா?"

கிடந்தது. மஞ்சளாக, ஒரு சிட்டிகை.

"புதுசா வெட்டின சாவி முதல் தடவ உள்ள போனா அப்படித்தான் கொட்டும்," என்றவரின் குரல் இறங்கிவிட்டது. "தப்பு என்னுதும்மா. அந்தப் படம்."

அடுத்தவர் சாவியாக இருந்தால் பற்களை மறைத்துத்தான் கடையின் இணையப் பக்கத்தில் படம் போடுவார். பல் தெரிந்தால் படத்தைப் பார்த்தே வெட்டிவிடலாம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துகிற ஆள். சொந்த வீட்டுச் சாவிக்கு மட்டும் பெருமை தலைக்கேறி, பக்கத்தில் அளவுகோலும் வைத்து, வெட்டின நேர்த்தியைப் பாருங்கள் என்று போட்டிருந்தார். தன் பங்குக்கு அவளும் குறை வைக்கவில்லை. வாசல் எண் தெரிய மகளின் பிறந்தநாள் படம். நேற்று, 'நாளைக் காலை பத்து மணிக்குப் பாப்பாவுக்கு ஊசி, எனக்குத்தான் பயம்' என்று ஒரு பதிவு. அறுநூறு பேர் பார்த்திருந்தார்கள்.

"வெளிய போகாத. வந்தவன் தெருவுல நின்னுட்டு இருக்கலாம். எல்லாத் தாழ்ப்பாளும் போடு. போலீசுக்குச் சொல்லிட்டு அரை மணி நேரத்துல வந்துடறேன்."

மேல்தாழ், கீழ்தாழ் இரண்டையும் போட்டாள். சாப்பாட்டு மேஜையை இழுத்து வாசற்கதவோடு முட்டக் கொடுத்தாள். ஜன்னல்களில் கம்பி இருந்தது. பின்கதவு பூட்டியபடியே இருந்தது. மேஜையில் சாய்ந்து நின்று, போனில் மகளின் படங்களை ஒவ்வொன்றாக 'எனக்கு மட்டும்' என்று மாற்றினாள். பிறந்தநாள். முதல் பல். தூங்குகிற முகம். ஒவ்வொன்றும் மறைய மறைய, நெஞ்சில் கொஞ்சம் காற்று இறங்கியது.

தூங்குகிற முகத்துக்கு ஒரு லைக் விழுந்தது.

மறுபடி பார்த்தாள். 'எனக்கு மட்டும்' என்றுதான் இருந்தது. லைக் போட்டவருக்குப் பெயர் இல்லை, முகமும் இல்லை. பிறந்தநாளுக்கும் விழுந்தது. முதல் பல்லுக்கும். அப்புறம் ஒரு வரி வந்தது.

'தாழ் போட்டாச்சா? நல்லது. இனிமே யாரும் உள்ள வர முடியாது.'

பித்தளை வாசனை குறையவில்லை. கூடியிருந்தது. உள்ளறைப் பக்கமிருந்து வந்தது.

ஓடலாம். மேஜையைத் தள்ளி, இரண்டு தாழ் எடுத்து, தெருவுக்கு ஓடலாம். குழந்தை உள்ளே. அவ்வளவுதான், அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

நடந்தாள். நாலு எட்டு. கட்டில் கிறீச்சிட்டது.

கதவை விரலால் தள்ளினாள். அது பாதி திறந்து, எதிலோ மெத்தென்று இடித்து நின்றது.

மகள் கட்டிலில் எழுந்து நின்றிருந்தாள். அழவில்லை. வேற்று முகம் கண்டால் வீட்டையே இரண்டாக்குகிறவள், சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னால், அம்மாவுக்குத் தெரியாத அந்த மூலையைப் பார்த்து, இரண்டு கைகளையும் உயரத் தூக்கினாள்.

"தூக்கு," என்றாள்.

அவளுடைய குதிகால்களும், பிறகு விரல் நுனிகளும் மெத்தையை விட்டு மெல்ல எழும்பின.