குதிக்காத பெண்

"அந்தப் பொண்ணு குதிக்கல."

கலங்கரை விளக்கத்தின் சுழல்படியில் நின்று பேய்க்கதை சொல்லிக்கொண்டிருந்த வழிகாட்டி சட்டென்று நிறுத்தினான். வெளியே கொட்டும் மழை... உள்ளே ஒதுங்கியிருந்த சுற்றுலாக் கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கீழ்ப்படியில் ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள் ஒரு பெண்.

"குதிக்காம எப்படிங்க பேயானா?" என்றான்.

"பேயாகல. வீட்டுல உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கிட்டிருக்காங்க. என் பெரியம்மா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவன் காது மடல் வரை சிவந்துவிட்டான். ஆனாலும் மழை இருட்டில் மினுங்கிய அந்தக் கண்கள் அவளை விட்டு நகரவில்லை. கோபமா, சிரிப்பா... மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைச் சோதிக்கிறவள், அன்றுதான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

மழை விடும்வரை பேசியதில், கடை இருக்கும் தெருவைச் சொல்லித் தொலைத்திருந்தாள். மறுநாளே வந்து நின்றான்.

"பார்வை மங்கலா இருக்குங்க."

சோதித்தாள். "கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிக்கிறீங்க. என்ன குறை?"

"தனியா வந்து உட்கார்ந்தா பக்கத்துல யாரும் தெரியல... அந்தக் குறைதான்."

சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

ஊர் சொல்லும் கதை இதுதான். விளக்குக் காவலரின் மகளும் தபால் படகோட்டியும் காதலித்தார்கள். ஏதோ சண்டையில், "இனிமே என் முகத்துலயே முழிக்காதே" என்று அவனை அனுப்பிவிட்டாள். அன்றைய புயலில் படகு கவிழ்ந்தது. அவள் உச்சியிலிருந்து குதித்தாள். மழை நாளில் இன்னும் அழுகிறாள்... குதித்ததும் பேயானதும் மட்டும் பொய். பெரியம்மா கல்யாணமே செய்துகொள்ளாமல், தங்கை விட்டுப்போன இவளை வளர்த்தாள். மழை பெய்தால் மட்டும் ரேடியோவைச் சத்தமாக வைப்பாள்.

"அந்தப் பையனை ஒருநாள் கூட்டிக்கிட்டு வாடி. நான் எப்படிச் செத்தேன்னு கேக்கணும்" என்றாள் பெரியம்மா, இவள் வழிகாட்டியைப் பற்றிச் சொன்னதும்.

அவனை அழைக்கத்தான் போனாள். கோபுர வாசலிலேயே அவன் குரல் கேட்டது... "இங்கிருந்துதான் குதிச்சா..."

"இன்னுமா இதைச் சொல்றீங்க?"

"பேய் இல்லன்னா இந்தப் பாழடைஞ்ச கோபுரத்துக்கு யாருங்க வருவா? என் பொழப்பு இது."

"அவங்க துக்கம் உங்களுக்குப் பொழப்பா? இனிமே என் முகத்துலயே முழிக்காதீங்க."

பாதி வழியில்தான் உறைத்தது... இது பெரியம்மாவின் வார்த்தை அல்லவா? திரும்பியிருக்கலாம். ரோஷம் விடவில்லை.

"அந்தப் பையன் வரலையா?" என்று பெரியம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். "அவருக்கு வேலை பெரியம்மா..." என்று இவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மழைக்காலம் முடிந்தது. ஒரு காலையில் பெரியம்மா கண் விழிக்கவில்லை.

செய்தி கேட்டு வந்தவன், உறவுக்காரர்கள் கலையும்வரை வாசலிலேயே நின்றான்.

"கதையை அன்னைக்கே மாத்திட்டேன்" என்றான் மெல்ல. "குதிக்கலன்னுதான் சொல்றேன். அவங்ககிட்ட வந்து சொல்லணும்னு தெருமுனை வரைக்கும் வருவேன்... நீங்க சொன்னது ஞாபகம் வரும். திரும்பிடுவேன்."

"அவங்க உங்களைக் கேட்டுக்கிட்டேதான் இருந்தாங்க." அவள் குரல் உடைந்தது. "நான்தான் பொய் சொல்லி வச்சேன். கூப்பிட்டா இறங்கி வந்த மாதிரி ஆயிடுமேன்னு..."

யாரை யார் தேற்றுவது... அவன் வாசலில் கழற்றிய செருப்பைத் தேடிக் காலை நீட்டினான்.

"போகாதீங்க."

நிமிர்ந்தான்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. எப்பவோ பிடிச்சுப்போச்சு. அவங்க காதுல விழற மாதிரி சொல்லியிருக்கணும்... சொல்லல."

அவன் செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே வந்தான்.