ஒட்டாத சம்மன்

ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், பிளாரன்ஸ் வக்கீல் மந்திரமூர்த்தியின் ஆபீசுக்கு வந்தாள். வந்த இடம்தான் வேடிக்கை. மறுநாள் அவளுடைய வள்ளம் ஏலத்துக்கு வரப்போவதே கடன் கொடுத்த மண்டிக்காரருக்காக அந்த மந்திரமூர்த்தி வாங்கிய டிக்கிரித் தீர்ப்பால்தான்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. கடன் வசூல் வழக்கென்றால் தூத்துக்குடி வியாபாரிகள் கண்ணை மூடிக்கொண்டு அவரிடம் வருவார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"கேஸ் நடந்ததே எனக்குத் தெரியாதுய்யா. ஜப்திக்கு ஆள் வந்தப்பதான் தெரியும்," என்றாள் பிளாரன்ஸ். "பாதிக் கடனைக் கருவாடாவே மண்டியில போட்டு அடைச்சாச்சு. கூப்பிட்டிருந்தா ஜட்ஜய்யாகிட்டச் சொல்லியிருப்பேன்லா? வள்ளம் போனா எங்க வீட்டுல உலை ஏறாதுய்யா."

ஜூனியர் அய்யாக்குட்டி துள்ளி எழுந்தான். புதுக் கோட்டு, புதுச் சுறுசுறுப்பு.

"சார், ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்னைக்கு இவங்க சம்மனை வாங்க மறுத்ததாலதான் கோர்ட் சேவகன் கதவுல ஒட்டியிருக்கான். அப்பவும் ஆஜராகலை, ஒருதலையாத் தீர்ப்பாச்சு. இப்ப வந்து கதை அளக்காங்க!"

"யாரும் வரலைய்யா. அன்னைக்குப் பூரா நான் வீட்டுலதான் இருந்தேன். மத்தியானம் மாதா கோயில்ல கட்டை அடிச்சப்போ வாசல்ல நின்னு மூவேளைச் செபம்கூடச் சொன்னேன். கதவுல ஒண்ணுமே இல்ல."

மந்திரமூர்த்தி பேனாவை மூடினார். "வீரபாகுவைக் கூட்டிட்டு வா," என்று ஜூனியரை அனுப்பினார்.

கோர்ட் சேவகன் வீரபாகு பக்கத்து ஊரான மாப்பிள்ளையூரணிக்காரன். பிளாரன்ஸைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினான். பிறகு கணீரென்று ஆரம்பித்தான்.

"நல்லா ஞாபகம் இருக்குய்யா. உச்சி வேளை. கோயில் மணி டாண் டாண்னு அடிக்கி. இந்தம்மா சிலுவை போட்டுக்கிட்டு, சம்மனை வாங்க மாட்டேன்னுட்டாங்க. ஒட்டிட்டு வந்தேன்."

"மணிச் சத்தம் நல்லாக் கேட்டுச்சா?"

"காது கிழிஞ்சுதுய்யா!"

அய்யாக்குட்டி வெற்றியோடு நிமிர்ந்தான். மந்திரமூர்த்தி பிளாரன்ஸ் பக்கம் திரும்பினார். "மத்தியானம் கட்டை அடிச்சதாச் சொன்னியேம்மா. மணி என்ன ஆச்சு?"

"பெரிய வியாழன் காலைப் பூசையோட மணியை நிப்பாட்டிருவாங்கய்யா. ஆண்டவர் பாடுபட்ட துக்கம்லா? சனிக்கிழமை பூசை வரைக்கும் மணிக்குப் பதிலா மரக்கட்டையைத்தான் அடிப்பாங்க."

"ஏலே வீரபாகு," என்றார் மந்திரமூர்த்தி, குரலை உயர்த்தாமல். "மத்த நாள் அந்தத் தெருவுக்குப் போயிருப்பே, மணியும் கேட்டிருப்பே. அதை இந்த நாளுக்குச் சேர்த்துட்டே. அன்னைக்கு மட்டும் அந்த மணி அடிக்கலை. நீ போகவே இல்லை."

வீரபாகு, அன்று காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்ததை ஒப்புக்கொண்டான்.

"யாரு சொல்லி இப்படிப் பண்ணுனே? மண்டிக்காரரா?"

"யாரும் சொல்லலைய்யா." அவன் தலையைச் சொறிந்தான். "எதிராளி ஆஜராகாத கேஸுன்னா நீங்க கையை நிறைச்சு அனுப்புவீங்க. ஆஜராகி வழக்காடுனா என் மூஞ்சியைக்கூடப் பார்க்க மாட்டீங்க. நான் வேற என்னத்தைப் புரிஞ்சுக்கிட?"

மந்திரமூர்த்திக்குக் காது சுட்டது. கொடுத்த கை அவருடையது. சம்மன் உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததா என்று ஒரு நாளாவது கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததுதான் தன் கெட்டிக்காரத்தனம் என்று இப்போது புரிந்தபோது, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"ஏலத்தை நிறுத்தச் சொல்லி இப்பவே கோர்ட்டுல சொல்லுதேன். கேஸைத் திரும்ப விசாரிக்கட்டும்," என்றார். "வீரபாகு, நீயும் வா. நடந்ததை நீ சொல்லு. காசு கொடுத்ததை நான் சொல்லுதேன்."

"நம்ம வாயாலேயா சார்? ஊரே சிரிக்குமே," என்றான் அய்யாக்குட்டி.

"சிரிக்கட்டும்."

பிளாரன்ஸ் கையெடுத்துக் கும்பிட்டாள். "கும்பிடாதம்மா," என்றார் அவர் அவசரமாக.

அவள் கையை இறக்கினாள். "எனக்கு முன்னால எத்தனை பேருக்குய்யா இப்படி ஆச்சு?"

"அய்யாக்குட்டி, வீரபாகு சம்மன் கொண்டுபோன கேஸ் கட்டுகளையெல்லாம் எடு," என்றார் மந்திரமூர்த்தி.

அய்யாக்குட்டி அலமாரியைத் திறந்தான். "எல்லாமா சார்?"

"எல்லாம்தான்."

மேஜை நிறைந்ததும் அவன் தரையில் அடுக்க ஆரம்பித்தான். பிளாரன்ஸ் நாற்காலியை ஓரமாக நகர்த்தி இடம் விட்டாள்.