ஆட மட்டும் செல்லும் சில்லு

வாணலியில் பூண்டுச் சோறு அடிப்பிடிப்பதைக்கூடக் கவனிக்காமல் மாமியார் பூரிங் கத்திக்கொண்டிருந்தாள்.

"பேராசை! வேறென்ன? குடுத்ததை வாங்கிட்டு வராம புகாராம், விசாரணையாம்! பொறந்த வீட்டுக்கு அனுப்பி அனுப்பியே என் மகன் வீட்டை அழிச்சவதானே நீ... உனக்கு எதுதான் போதும்?"

எர்லிண்டா அடுப்பை அணைத்துவிட்டுக் கருவாட்டைத் தட்டில் எடுத்து வைத்தாள். அவள் பிறந்த வீட்டுக்கு அனுப்பியது கிறிஸ்துமஸுக்கு ஒரு பெட்டி சாமான், அவ்வளவுதான். வீட்டை விழுங்கியது கேசினோவின் பிளாக்ஜாக் சீட்டாட்ட மேஜை. விழுங்கக் கொடுத்தவன் கணவன் நெஸ்டர். தாயின் கண்ணில் மகன் தாழ்ந்துவிடக் கூடாது என்று பழியை இவள் சுமந்தாள். அந்த உத்தமனும் அதைச் சுமக்கவிட்டான். மூன்று வருடமாகக் கொழுந்தன் டானிலோவின் வீட்டில் ஒண்டியிருக்கிறார்கள். அந்த மூன்று வருடமும் நெஸ்டர் மேஜைப் பக்கம் போகவில்லை என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல்.

போன வாரம் கேசினோ ஒன்று உள்ளூர்க்காரர்களுக்கு இலவசமாக பிளாக்ஜாக் போட்டி வைத்தது. சலவைக்கூட வேலை முடிந்த கையோடு எர்லிண்டா போய் உட்கார்ந்தாள். போட்டியில், பணத்துக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கும் சில்லு பக்கத்து ஆளைவிட ஒன்று கூடுதலாக மிஞ்சினால் போதும். கடைசி ஆட்டத்தில் எஞ்சியிருந்த மற்ற இரண்டு போட்டியாளர்களும் இருந்ததையெல்லாம் பந்தயத்தில் தள்ளினார்கள். இவள் மட்டும் பாதியைக் கையில் வைத்துக்கொண்டாள். சீட்டுப் போடும் கேசினோக்காரனிடம் மூவரும் தோற்றார்கள். மிச்சம் வைத்தவள் ஜெயித்தாள். குடும்பம் நடத்தியவளுக்கு இது பெரிய வித்தையா என்ன!

முதல் பரிசு முப்பதாயிரம் டாலர் என்று வாசலில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கொடுத்ததோ ஐயாயிரம் ரொக்கம். மீதிக்குச் சூதாட்டச் சில்லு. அதைக் காசாக்க முடியாது, விற்க முடியாது. ஜெயித்தவளோ அவள் கணவனோ மேஜையில் வைத்து ஆடலாம்; அந்த ஆட்டத்தில் ஜெயித்தால் வருவது மட்டும்தான் காசு. அவள் தொடாமல் வந்து, மாநில அரசிடம் புகார் கொடுத்துவிட்டாள்.

"அண்ணி, அண்ணன் சின்ன வயசுலயே சீட்டுல கில்லாடி. அவர் ஆடினா பாதியாவது காசா தேறும்ல?" என்றான் சாப்பிட உட்கார்ந்த டானிலோ.

நெஸ்டர் தலை நிமிராமல், "அவளுக்கு என் மேல நம்பிக்கை இல்லடா," என்றான்.

எர்லிண்டாவின் கண் நிறைந்தது. ஆனாலும் விசாரணைக்குப் போகப் பையை எடுத்துக்கொண்டாள்.

விசாரணை கேசினோவின் மாடி அறையில். மாநில அதிகாரி நடுவில். ஒரு பக்கம் எர்லிண்டா, நெஸ்டர், பூரிங். எதிரே கேசினோ வக்கீல். மேஜை மேல் அந்தச் சில்லுகள், அடுக்கடுக்காக.

"இதுவும் பணம்தான்மா," என்றார் வக்கீல்.

"அப்படியா சார்? அப்ப போட்டிருக்கிற விலைக்கே நீங்க வாங்கிக்குங்க. இப்பவே தர்றேன்."

"அது... விதிப்படி கைமாத்தக் கூடாது."

"அப்ப அது பணம் இல்ல சார்."

அதிகாரி லேசாகச் சிரித்தார். "சரிம்மா. ஆடினா பாதியாவது காசா தேறுமே. ஏன் வேண்டாங்கறீங்க?"

எர்லிண்டா உதட்டைக் கடித்துக்கொண்டாள். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். என்னவென்று சொல்வாள்?

அப்போதுதான் அந்தச் சத்தம்... கிளிக், கிளிக், கிளிக்.

எல்லோரும் திரும்பினார்கள். நெஸ்டரின் வலது கை இரண்டு அடுக்குச் சில்லுகளை ஒன்றுக்குள் ஒன்றாக நுழைத்துப் பிரித்துக்கொண்டிருந்தது. எப்போது எடுத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. தன் கையைப் பார்த்தான். முகம் வெளிறிப்போயிற்று.

"பார்த்தியாம்மா..." தாயிடம் திரும்பினான். "மூணு வருஷமாச்சு. இந்தக் கை மறக்கல. வீட்டை இவ அழிக்கலம்மா! நான்... இந்தக் கைதான் அழிச்சுது. இதை நான் வாங்கினா திரும்ப அங்கதான் போவேன். அதான் வேண்டாங்கறா. என் மானத்துக்காக வாயை மூடிக்கிட்டிருக்கா!"



அதிகாரி வக்கீலிடம், "டாலர்னு போட்டீங்க. டாலராவே குடுங்க," என்றார்.

படியிறங்கியதும் எதிரே மேஜைகள். அவற்றைத் தாண்டித்தான் வாசல். நெஸ்டரின் கால் தயங்கியது. எர்லிண்டா அவன் வலது கையை இறுகப் பிடித்தாள்.

பின்னாலிருந்து பூரிங் ஓடிவந்து மருமகளைக் கட்டிக்கொண்டாள். "மூணு வருஷம்... என்னென்ன பேசினேன் உன்னை! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி?"

"அழாதீங்க அத்தை." எர்லிண்டாவுக்கும் அழுகை முட்டியது. "இவரோட இன்னொரு கையை நீங்க பிடிச்சுக்குங்க. முதல்ல வெளிய போயிடலாம்."

மூவரும் கைகோத்து, எந்த மேஜையையும் பார்க்காமல், வாசலை நோக்கி நடந்தார்கள்.